இருந்தது இருந்தபடி, ஏணி உள்பட

முதலில் எழுந்து போய்க் கேஸ் போட்டவர் வாதி. போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பிரதிவாதி. யார் பக்கம் நியாயம் என்பதற்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. என் பெரிய மாமா வேல்சாமி வாதியானதற்குக் காரணம், அவர் வாசல் தென்காசி பஸ் நிற்கிற பக்கம் இருந்ததுதான். வயலைப் பார்த்த வாசலில் உட்கார்ந்திருந்த சின்ன மாமா சங்கிலிப்பாண்டி பிரதிவாதியானார்.

வாசல்தான் இரண்டு, வீடு ஒன்று. குற்றாலம் போகிற ரோட்டில் நன்னகரத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு தடித்த சுவர். சுவருக்கு மேலே முகடு. முகட்டிலிருந்து கிழக்கே சரிகிற ஓடு பெரிய மாமாவுக்கு, மேற்கே சரிகிற ஓடு சின்ன மாமாவுக்கு. தாத்தா சாகும்போது வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்தது. சுவர் யாருக்கு என்று சொல்லவில்லை. சுவரையும் ஒருத்தன் கேட்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

இரண்டு பேரும் என் அம்மாவோடு பிறந்தவர்கள். நான் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவன், ஆகவே எந்தக் கட்சியும் இல்லை. அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம், பாடம் பொருளாதாரம். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் பாதி வக்கீல் என்பது எங்கள் குடும்பத்தின் கணக்கு. அதனால் கேஸ் சங்கதி எல்லாம் என்னிடம்தான் வரும்.

சாரல் தொடங்குமுன் ஓடு மாற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லா ஓட்டையும் இறக்கி, உடைந்ததைத் தள்ளி, பாசியைச் சுரண்டி, திரும்ப அடுக்குவார்கள். முகடு பொதுவாக இருப்பதால் மாமாக்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் பிரிப்பார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரைப் பாதியிலும் தென்காசியிலிருந்து பரீது பாயைக் கூப்பிட்டு அப்படித்தான் பிரித்தார்கள்.

சின்ன மாமாவுக்கு அந்த வருஷம் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. ஒரே மகள் மாரித்தாயைப் பாவூர்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வரவேண்டும். பிள்ளைக்கு எண்ணெய், மருந்து வைக்கச் சுவரில் ஒரு மாடம் குடைந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் மனைவி மாடத்தி அத்தை சொன்னாள். மாமா கடப்பாரையை எடுத்தார். அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த பெரிய மாமாவின் தலைமாட்டில் காரை உதிர்ந்தது.

“எவம்லே என் சுவரைக் குத்துதது?”

“உம்ம சுவரா? எப்பம் எழுதி வாங்கினீரு?”

அவர்கள் நேருக்கு நேர் பேசியதில் அதுதான் கடைசி.

மறுநாள் காலை பெரிய மாமா தென்காசி முன்சீப் கோர்ட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள் அது. எதிராளி வந்து சேருமுன், வந்தவர் சொன்னதை மட்டும் கேட்டுப் போடுகிற உத்தரவுக்கு எக்ஸ் பார்ட்டி என்று பெயர். அப்படி ஒரு இடைக்கால உத்தரவு கிடைத்தது. இடைக்காலம் என்றால் கொஞ்ச நாளைக்கு. கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

சாயங்காலம் கோர்ட் அமீனா வந்து உத்தரவைக் கொடுத்தார். ஸ்டேட்டஸ் கோ. அதாவது, இருந்தது இருந்தபடி இருக்கவேண்டும், இரண்டு தரப்பும் எதையும் மாற்றக்கூடாது.

அந்த நேரத்தில் வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பரீது பாய் கடைசி ஓட்டையும் இறக்கி முற்றத்தில் அடுக்கிவிட்டு, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். மேலே ஆகாயம் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது பெரிய மாமா குறுக்கே நின்றார்.

“பாய், ஓட்டுல கை வைக்காதீரும். ஸ்டேட்டஸ் கோ.”

“அப்பம் ஏணியை எடுத்துட்டுப் போறேன் அண்ணாச்சி.”

“ஏணியும் ஸ்டேட்டஸ் கோ.”

“ஏணி என்னதுல்லா!”

“உம்மதுதான். இருந்தது எங்கன? இங்கன. அப்பம் இங்கனயே இருக்கட்டும்.”

பெரிய மாமா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயரானவர். கோர்ட் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்தே பழக்கம். தன் பக்கத்து ஓட்டையும் அவர் தொடவில்லை. சின்ன மாமாவோ, அண்ணன் ஒரு ஓட்டை எடுத்து வைத்தால் கோர்ட் அவமதிப்பு என்று மனுப்போடத் தயாராகக் காத்திருந்தார். கோர்ட் அவமதிப்பு என்பது, உத்தரவு என்று தெரிந்தும் மீறுவது. ஜெயிலுக்கும் அனுப்பலாம். ஒருவரை ஒருவர் அனுப்பி வைக்கும் ஆசையில் இருவரும் காவல் இருந்தார்கள்.

கூரை இல்லாத வீட்டில் ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும். ஆனாலும் பேச்சு கிடையாது என்றால் கிடையாது. இரண்டு வாசலுக்கும் நடுவில், வீட்டின் ஓரமாக நான் நிற்கவேண்டும்.

“மருமவனே, பிரதிவாதிட்ட சொல்லு. அவன் கோழி சுவர் மேல ஏறி நிக்கி. சுவர் கேஸ்ல இருக்கு.”

“பிரதிவாதி மாமா, உங்க கோழி சுவர் மேல நிக்குதாம்.”

“கேட்டுச்சுலே. கோழி உத்தரவுக்கு முந்தியே ஏறுன கோழின்னு வாதிட்ட சொல்லு.”

“வாதி மாமா, கோழி முந்தியே...”

“கேட்டுச்சு, கேட்டுச்சு.”

வைகாசியில் வெயில் மட்டும்தான். கோர்ட்டும் பூட்டியிருந்தது. அத்தை வைத்த பீர்க்கங்கொடி ஏணியில் ஏறிப் பூக்கவும் தொடங்கியது. கொடி ஏறுவது நிலைமையை மாற்றுவதாகுமா என்று பெரிய மாமா என்னைக் கேட்டார். மனுஷன் காரணமில்லாமல் தானாக நடப்பது தெய்வச் செயல், கோர்ட் அதைக் கேட்காது என்றேன். பிஞ்சைப் பறிப்பது தெய்வச் செயலா என்றார். அத்தை பறிப்பதால் இல்லை என்றேன். அன்று முதல் அத்தை பறித்ததில் பாதியைப் பெரிய மாமா வாசலில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். மாமா வாங்கிக் கொண்டார். அதில் ஆட்சேபணை எழவில்லை.

ஆனி பிறந்ததும் சாரல் இறங்கியது.

அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டது என்று சீசன் ஜனங்கள் பஸ் பஸ்ஸாகக் குற்றாலம் போனார்கள். பஸ் ஜன்னலிலிருந்து எங்கள் வீட்டையும் பார்த்தார்கள். மாமாக்கள் வீட்டுக்குள்ளேயே நனைந்துகொண்டிருந்தார்கள். பெரிய மாமா பழைய போலீஸ் மழைக்கோட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார், கட்டில் காலில் குடை கட்டியிருக்கும். சின்ன மாமா ஒரு தார்ப்பாய் கொண்டுவந்தார்.

“மருமவனே, தார்ப்பாயைக் கட்டினா அது கூரை. கூரை போட்டா அவமதிப்பு. சொல்லிரு.”

“இவரு மட்டும் குடை கட்டியிருக்காருல்லா?”

“குடை கட்டில்ல இருக்கு. கட்டில் கேஸ்ல இல்ல.”

சின்ன மாமா குடும்பம் மாட்டுத் தொழுவத்துக்குக் குடிபோனது.

இதுவரைக்கும் வேடிக்கைதான். பாவூர்சத்திரத்திலிருந்து மாரித்தாயின் மாமியார் காய்கறி டெம்போவில் ஒருநாள் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நின்று மேலே பார்த்தாள். முகத்தில் சாரல் விழுந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“மாடத்தி, ஆனி முடியுதுக்குள்ள ஓடு போட்டா பிள்ளையை அனுப்புதேன். இல்லன்னா பேறுகாலம் எங்க வீட்லதான். மாட்டோட மாடா படுக்க வைக்கவா வளையல் போட்டு வச்சிருக்கோம்?”

 அத்தைக்கு இரண்டு பிள்ளை தங்காமல் மூன்றாவதாகத் தங்கியவள் மாரித்தாய். அவளுக்கும் பயம். ‘அம்மா பக்கத்துல இருந்தா பெத்துருவேன்’ என்று மாமியாரிடமே சொல்லி அனுப்பியிருந்தாள். டெம்போ போன பிறகு அத்தை வீட்டின் ஓரமாக வந்து, இரண்டு பக்கமும் கேட்கும்படி பேசினாள்.

“வாதியும் பிரதிவாதியும் கேட்டுக்கிடுங்க. எம்பிள்ளை முதல் பேறுகாலத்துக்கு அடுத்தவ வீட்ல கிடந்தா, ரெண்டு பேருக்கும் இனிமே எவ உலை வைக்கான்னு பாக்கேன்.”

அந்த மிரட்டல் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். மனைவி தவறியபிறகு பெரிய மாமாவுக்கும் அத்தை குழம்புதான்.

நான் சின்ன மாமாவின் வக்கீல் சுப்புராமனிடம் ஓடினேன். கோர்ட் திறந்தாகிவிட்டது, ஆனால் வாய்தா ஆவணியில். வாய்தா என்றால் அடுத்து வரச் சொல்லும் தேதி. அன்று போனால் அதற்கடுத்த தேதி சொல்வார்கள்.

“வழி இருக்கு” என்றார் சுப்புராமன். “ஓடு போடுறதுல ஆட்சேபணை இல்லைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுவில கையெழுத்துப் போட்டா, அன்னைக்கே உத்தரவு வாங்கிரலாம்.”

சேர்ந்து போடுகிற மனுவில் ஒரு கஷ்டம், யாராவது ஒருவர் முதலில் கையெழுத்துப் போடவேண்டும்.

“அவன் போடட்டும். போட்டுத்தாம்லே ஆகணும், அவன் மகளுக்குத்தானே?” என்றார் பெரிய மாமா.

“கேஸ் போட்டது யாரு? அவரு போட்டா நானும் போடுதேன்” என்றார் சின்ன மாமா.

“முதல்ல போட்டா சுவரு உம்மதுன்னு ஆயிருமா?” என்று அத்தை கேட்டாள்.

“தோத்தமாதிரி ஆயிரும்.”

இதற்குச் சட்டத்தில் வார்த்தை இல்லை. மனுவை நான் இரண்டு வாசலுக்கும் சுமந்து திரிந்தேன். சாரலில் மை கரைந்தது.

அப்போதுதான் பரீது பாய் மறுபடியும் வந்தார். ஓடு மாற்றுகிற சீசன் முழுக்க ஏணி இல்லாமல் இரவல் ஏணியில் பிழைத்தவர். இலஞ்சியில் கடைசியாக இரவல் கொடுத்தவன் அன்று காலை இவர் மேலே இருக்கும்போதே ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூரையிலிருந்து வைக்கோல்போரில் குதித்து வந்திருந்தார். தலையில் வைக்கோல் இருந்தது.

“தம்பி, நான் எந்தக் கேஸ்ல இருக்கேன்? சுவர் கேட்டனா? கோழி வளத்தனா?”

“நீங்க மூன்றாம் நபர், பாய்.”

“அப்படின்னா?”

“சண்டையில இல்லாதவரு. ஆனா சண்டையில உங்க சாமான் மாட்டிக்கிட்டா, நீங்களே கோர்ட்டுல போய்க் கேக்கலாம்.”

“என்னை யாரும் முதல்ல கையெழுத்துப் போட்டான்னு சொல்ல மாட்டாங்கல்லா?”

“நீங்க ஒருத்தர்தானே போடணும்.”

பாய் வைக்கோலைத் தட்டிவிட்டு நடந்தார். அந்த வாரமே, பரீது என்பவருக்குச் சொந்தமான மூங்கில் ஏணி ஒன்றை விடுவிக்கக் கோரும் மனு முன்சீப் முன்னால் வந்தது. இரண்டு மாமாக்களும் கோர்ட்டில் ஆளுக்கொரு தூணருகே நின்றார்கள்.

முன்சீப் மனுவை இரண்டு முறை படித்தார்.

“ஏணி ஏன் அங்கே இருக்கு?”

“ஓடு மேய அய்யா” என்றார் பாய்.

“மேய்ஞ்சாச்சா?”

“இறக்கியாச்சு அய்யா. ஏத்த விடமாட்டேங்காங்க.”

“யாரு?”

பாய் மரியாதையாக, “அய்யாதான்” என்றார்.

முன்சீப் கேஸ் கட்டை எடுத்துப் பழைய உத்தரவைப் பார்த்தார். பிறகு தூண்களைப் பார்த்தார்.

“சித்திரையிலேருந்து கூரையில்லாமலா இருக்கீங்க?”

“உத்தரவு அய்யா” என்றார் பெரிய மாமா, விறைப்பாக நின்று.

“சுவரைப் பத்தித்தான்யா வழக்கு. சுவரை மாத்தக்கூடாதுன்னேன். நனையச் சொல்லலையே.”

உரிமைக்குப் பாதகமில்லாமல் என்று ஒரு வார்த்தை உண்டு. இப்போது ஒன்றைச் செய்துகொள்ளலாம், ஆனால் அதைச் செய்ததை வைத்துப் பின்னால் எதையும் வாதாடக்கூடாது என்று பொருள். எனக்குத் தெரிந்த சட்ட வார்த்தைகளில் மனுஷனுக்கு உபயோகமானது அதுதான். அப்படி உரிமைக்குப் பாதகமில்லாமல் இருவரும் அவரவர் சரிவில் ஓடு போட்டுக்கொள்ளலாம் என்றார் முன்சீப். “முகடு?” என்று இரண்டு வக்கீல்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். முகடு சுவரின் மேல் உட்காருவது, முகட்டை மூடுகிறவன் சுவரை ஆள்கிறவனாகிவிடுவான். முன்சீப் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரையும் முகட்டையும் பார்வையிட்டு அறிக்கை தர ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். கமிஷனர் என்றால் பெரிய அதிகாரி அல்ல. நீதிபதி நேரில் வரமுடியாத இடத்துக்கு அவர் கண்ணாகப் போகிற ஒரு வக்கீல். அவர் வந்து பார்க்கும்வரை முகடு அப்படியே இருக்கட்டும், ஏணியும் இருக்கட்டும்.

“ஜெயிச்சுட்டனா தம்பி?” என்றார் பாய் வெளியே வந்து.

“ஜெயிச்சுட்டீங்க.”

“ஏணி?”

“அங்கனதான் இருக்கும்.”

இரண்டு சரிவிலும் ஓடு ஏறியது. நடுவில் வகிடு எடுத்தது போல ஒரு சாண் அகலத்துக்கு ஆகாயம். ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாரித்தாய் டெம்போவின் முன் சீட்டில் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கூட வந்த மாமியார் அண்ணாந்து பார்த்தாள்.

“இதென்ன நடுவுல?”

“அது கேஸ்” என்றாள் அத்தை.

“காலையில டெம்போ வரும். இது இப்படியே கிடந்தா பிள்ளையை ஏத்திட்டுத்தான் போவேன்” என்றாள் மாமியார். பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல.

பிற்பகல் சாரல் பிடித்தது. வகிடு வழியாக வந்த தண்ணீர் சுவரில் வழிந்து, பாதியில் நின்ற மாடக்குழியில் தேங்கி, நிரம்பி, மாரித்தாயின் கட்டிலுக்கு வந்தது. அத்தை அண்டா, குண்டா, செம்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். கட்டிலை நகர்த்தினாள். அடுப்படி வரைக்கும்தான் நகர்த்தலாம். மாமியார் ஒரு மூலையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தாள். சின்ன மாமா யார் முகத்தையும் பார்க்காமல் செம்பில் விழுந்த தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

மாரித்தாய் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“பெரியப்பா, உங்க பக்கமும் ஒழுகுதா?”

 பாத்திரங்களில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும்.

“நான் வாதியும் இல்ல, பிரதிவாதியும் இல்ல. என்கிட்ட பேசலாம் பெரியப்பா.”

இந்தச் சட்டம் என் மூளையில் உதிக்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

“ஒழுகத்தான் செய்யுது” என்றார் பெரிய மாமா. பிறகு, “நீ நனையுதியா?”

“கால் மட்டும் நனையுது. முதுகு வலிக்கி.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்து நாங்கள் பார்த்தது, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பீர்க்கங்கொடியை ஒதுக்கி ஏணியில் ஏறுகிற பெரிய மாமாவை. பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கோர்ட் உத்தரவை மீறினார். சின்ன மாமா ஓடிப்போய் ஏணியடியில் நின்றார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஏணி வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது.

“மருமவனே, முகட்டு ஓட்டை எடுத்துக் குடுக்கச் சொல்லு.”

“மாமா, முகட்டு ஓட்டை...”

“எடுத்துட்டேம்லே. கையை நீட்டச் சொல்லு.”

“கையை நீட்டுங்க மாமா.”

“நீட்டிருக்கேன். சுண்ணாம்பு எங்கன்னு கேளு.”

முகடு மூடி முடிகிறவரை இடையில் நின்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. பெரிய மாமா இறங்கியபோது மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒவ்வொரு பாத்திரத்துக்கு மேலும் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு அத்தையிடம் காப்பி கேட்டாள். காலையில் டெம்போவில் தனியாகத்தான் ஏறினாள்.

பிள்ளை ஆடியிலேயே பிறந்துவிட்டது. பெண். அந்த வாரக் கடைசியில் கமிஷனர் வந்தார். டேப்பும் குடையுமாக வந்த சின்ன வயசு வக்கீல். சுவரை அளந்தார், குழியை அளந்தார், ஏணியில் ஏறி முகட்டைப் பார்த்தார். நானும் பாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“முகடு திறந்திருக்குன்னுல்லா கோர்ட்டுல சொன்னாங்க? இது யாரு மூடினது?”

பெரிய மாமா வாழ்நாளில் எத்தனையோ தடவை கூண்டேறிச் சாட்சி சொன்னவர். அதே விறைப்போடு நின்றார்.

“மூடித்தான் இருக்கு அய்யா. ஆதியிலேருந்தே.”

கமிஷனர் சின்ன மாமாவைப் பார்த்தார். அண்ணனை மாட்டிவிட அவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இனி வராது.

“ஆதியிலேருந்தே” என்றார் சின்ன மாமா.

கமிஷனர் முகட்டைத் தொட்ட விரலைப் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“ஈரமா இருக்கே?”

“சாரல்லா” என்றார்கள் இருவரும்.

பிற்பாடு சுப்புராமனிடம் விசாரித்தேன். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட சங்கதியை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லையாம். அதற்கு ஒப்புக்கொண்ட சங்கதி என்றே பெயர். உண்மையாக இருக்கவேண்டுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பரீட்சை எப்போது என்று கேட்டார்.

பரீது பாய்க்கு ஏணி கிடைத்தது. கொடியை அறுக்கக்கூடாது என்று அத்தை சொன்னதால் ஒவ்வொரு சுருளாக அவிழ்க்க ஒரு காலைநேரம் ஆயிற்று.

முகடு மூடியதில் ஒரு தொந்தரவு. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்பதில்லை. ஆவணி வாய்தா முடியும்வரை பொறுத்துப் பார்த்த பெரிய மாமா, ஒரு சாயங்காலம் வீட்டைச் சுற்றிக்கொண்டு வயல் பக்கத்து வாசலில் வந்து நின்றார். கேஸ் போட்ட பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

“மருமவனே, சத்தத்தையே காணும். பிள்ளை நல்லாருக்கான்னு கேளு.”

சின்ன மாமா உள்ளே தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“உள்ள வந்து பாக்கச் சொல்லு” என்றார்.

“வாதி மாமா, உள்ள வந்து...”

“கேட்டுச்சுலே” என்று சொல்லிக்கொண்டே பெரிய மாமா செருப்பைக் கழற்றினார்.

பாதியில் நின்ற மாடக்குழியில் பிள்ளையின் எண்ணெய்க் குப்பி இருந்தது. அவர் அதையும் பார்த்தார். கை குழிக்குள் சரியாகப் போகிறதா என்று விட்டுப் பார்த்தார். அதிலும் ஆட்சேபணை எழவில்லை. அடுத்த வாய்தா ஐப்பசியில்.